பாயின் லினக்ஸ் பெட்டி

அந்தப் பென் டிரைவ் கட்டை விரல் நீளம்தான் இருக்கும். தொலைந்துவிடக் கூடாது என்று அதன் முனையில் இருந்த துளையில் அரக்கு நிறப் பட்டு நூலைக் கோத்து முடிச்சுப் போட்டிருந்தோம். என் கைப்பையின் உள்ஜிப்பில், வெற்றிலைப் பொட்டலத்துக்கும் சில்லறைக்கும் நடுவில் அது கிடக்கும். கடையின் டிசைன் அறையிலிருந்து செவிலிமேட்டில், எல்லோரும் பாய் என்று கூப்பிடுபவரின் பட்டறைக்கு டவுன் பஸ்ஸில் போகும். சாயங்காலம் திரும்பி வரும். பாய் அதை என் கையிலிருந்து வாங்கிய உடனே கணினியில் செருகமாட்டார். முதலில் ஓரத்தில் இருந்த பழைய மடிக்கணினியில் செருகி, அதில் ஒட்டிக்கொண்டு வந்த வைரஸ்களை எல்லாம் துடைப்பார். "செருப்ப வாசல்ல உட்டுட்டு உள்ள வரணும்மா" என்று பென் டிரைவிடமே சொல்வார். அந்த வைரஸ்கள் விண்டோஸ் கணினியைத்தான் பிடிக்கும், பாயின் லினக்ஸ் கணினியை ஒன்றும் செய்யாது என்று எனக்குக் கொஞ்ச நாளில் தெரிந்தது. அப்புறம் ஏன் இந்தச் சுத்தம் என்று கேட்டேன். "எனக்கு ஒண்ணும் ஆவாதும்மா. ஆனா எங்கூட்லேர்ந்து கிளம்பி அடுத்த ஊட்டுக்குப் போவுது இல்ல, அழுக்கோட அனுப்பக் கூடாது" என்றார்.

நான் காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக் கடையில் தறி பார்க்கும் வேலையில் இருக்கிறேன். தறி பார்ப்பது என்றால் நெய்வது இல்லை. ஐயம்பேட்டை, முசரவாக்கம் என்று சுற்றியுள்ள ஊர்களில் எங்கள் கடைக்காக நெய்கிறவர்களின் வீடுகளுக்கு நூலும் அட்டையும் கொண்டுபோய்க் கொடுத்து, நெய்தது சரியாக வருகிறதா என்று பார்த்துவிட்டு, பாராட்டையும் திட்டையும் இரு பக்கமும் எடுத்துச் செல்வது. திட்டுதான் அதிகம். ஷேர் ஆட்டோக்காரர்கள் பலருக்கு என் பேர் தெரியாது, நான் எந்தத் தெருவில் இறங்குவேன் என்பது தெரியும்.

அட்டையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். புடவைக் கரையில் ஓர் அன்னம் வர வேண்டும் என்றால், எந்த வரிசையில் எந்த இழையை மேலே தூக்க வேண்டும் என்று தறிக்கு யாராவது சொல்ல வேண்டும். அதைச் சொல்வது தறிக்கு மேலே தொங்கும் துளை போட்ட அட்டைகள். அந்தக் காலத்தில் கிராஃப் தாளில் கட்டம் கட்டமாக வரைந்து, கையால் துளை குத்தினார்கள். நான் வேலைக்கு வந்தபோது வரைவது கணினிக்கு வந்துவிட்டிருந்தது. எங்கள் டிசைன் அறையில் அக்கா திரையில் வரைவார். அந்தக் கோப்பு பாயின் பட்டறைக்குப் போகும். பாயின் கணினியோடு பிணைத்த இயந்திரம் அட்டையில் துளை போடும். அட்டைக் கட்டைச் சுமந்துகொண்டு நான் தறிக்குப் போவேன்.

அக்கா என்று நான் சொல்வது எனக்கு உறவு இல்லை, அறையில் எல்லோருக்கும் அவர் அக்கா. பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலும் தறியில் உட்கார்ந்தவர். குழித்தறியில் கால் தொங்கப்போட்டு வருஷக் கணக்காகக் குனிந்து குனிந்து முதுகெலும்பு நகர்ந்துவிட்டது. அறுவை செய்த டாக்டர், மறுபடி தறிக்குழிக்குள் இறங்கினால் எழுந்து நடக்க முடியாது என்று சொல்லிவிட்டார். வீட்டுக்காரர் உழைத்துக் கொட்டும் ரகம் இல்லை. அதனால் அக்கா வகுப்புக்குப் போய் டிசைன் மென்பொருளைக் கற்றுக்கொண்டு எங்கள் கடையில் நாற்காலி பிடித்தார். அந்த நாற்காலியில் முதுகுக்கு ஒரு தலையணை வைத்திருப்பார். அந்த இடம் போனால் அவருக்கு வேறு இடம் இல்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். முதலாளிக்கும் தெரியும், கோபம் வரும்போது மட்டும் மறந்துவிடும்.

முதலாளி கெட்டவர் இல்லை. நேரம் பார்க்கிறவர். அவர் வீட்டில் ராகு காலத்தில் தறியில் பாவு நூல் ஏற்றமாட்டார்கள், எமகண்டத்தில் நூல் நனைக்கமாட்டார்கள். கடையில் கணினி வந்தபோது, இது என்ன கிரகத்தின் கீழ் வருகிறது என்று அவருக்குக் கொஞ்சம் குழப்பம் இருந்தது. பிறகு ஒரு முடிவுக்கு வந்தார். "பாவு ஏத்த நேரம் பாக்கறோம், தறி பூட்ட நேரம் பாக்கறோம். கல்யாணப் பொடவைக்கு மொதல்ல உசுரு வர்றது இந்தப் பொட்டிலதான். இதுக்கு மட்டும் நேரம் வேணாமா?" என்று கேட்டார். அன்று முதல் கல்யாணப் புடவைக்கான டிசைனை ஆரம்பித்தாலும் சரி, அதில் திருத்தம் செய்தாலும் சரி, நல்ல நேரத்தில் செய்து முடிக்க வேண்டும் என்பது சட்டம். திரையில் இருக்கும் எதுவும் அவருக்குப் புரியாது, ஒன்றைத் தவிர. கோப்புகளின் பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் எதிரே எந்தத் தேதியில் எத்தனை மணிக்குச் சேமித்தது என்று ஒரு கட்டம் காட்டும். சாயங்காலம் வந்து, கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கி, அந்தக் கட்டத்தை மட்டும் படித்துவிட்டு, சுவரில் மாட்டிய தினசரி காலண்டரையும் பார்த்துவிட்டுப் போவார்.

பாய்க்கு நேரம் காலத்தில் எல்லாம் நம்பிக்கை இல்லை. அவருடைய கட்டுப்பாடு வேறு மாதிரி. காசு கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் எடுத்து வீட்டில் வைக்கக் கூடாது. அப்போது ஊரில் கணினி வைத்திருந்தவர்களில் பலர் விண்டோஸை யாரிடமாவது நகல் எடுத்துப் போட்டுக்கொண்டவர்கள்தான், அதைத் தப்பென்றே நினைக்கவில்லை. பாய் மட்டும், "திருட்டு சரக்குமா அது. அதுல வேல செஞ்சி சோறு துன்னா எறங்குமா?" என்பார். விண்டோஸை விலைக்கு வாங்கவும் அவருக்கு மனம் வரவில்லை. இலவசமாக, நேர்மையாக, யாரோ முகம் தெரியாதவர்கள் எழுதி உலகத்துக்குக் கொடுத்த லினக்ஸ் இருக்கும்போது வேறு எதற்கு என்று நினைத்தார். ரேடியோ ரிப்பேர் செய்து வளர்ந்த கை அது. எதையும் பிரித்துப் பார்க்க விடுகிற பொருள்தான் அவருக்குப் பிடிக்கும். அட்டை குத்தும் இயந்திரத்தை லினக்ஸில் ஓடவைக்க அவர் பட்ட பாடு செவிலிமேடு முழுவதும் பிரசித்தம். ஓடிய அன்று தெருவுக்கே பால்கோவா கொடுத்தார். அதிலிருந்து அந்தக் கணினியை யாராவது குறை சொன்னால் அவருக்குப் பொறுக்காது. "பொட்டி தப்பு பண்ணாதுமா. நாம இன்னா சொல்றமோ அத்த செய்யும். தப்பு எப்பவும் இந்தப் பக்கம்" என்று தன் நெஞ்சைத் தட்டிக் காட்டுவார்.

பென் டிரைவை நிறுத்தியவரும் அவர்தான். ஒரு மழை நாளில் நான் நனைந்துகொண்டு போய் நின்றபோது, "ஒரு ஃபைலுக்காக ஒரு மனுஷி பஸ் ஏறி வர்றதா?" என்று அலுத்துக்கொண்டார். அடுத்த வாரம் எங்கள் டிசைன் அறைக்கு வந்து அக்காவின் விண்டோஸ் கணினியில் ஒரு நிரலைப் போட்டார், தன் லினக்ஸிலும் அதையே போட்டார். இரண்டு கணினியிலும் ஒரே பேரில் ஒரு ஃபோல்டர். இங்கே ஒரு கோப்பை வைத்தால் இணையம் வழியாக அங்கேயும் அது போய் உட்காரும். இங்கே திருத்தினால் அங்கேயும் திருந்தும். ஒரே கோப்பு இரண்டு பக்கமும் மாறியிருந்தால் என்ன செய்யும் என்று அக்கா கேட்டார். எது கடைசியாகச் சேமிக்கப்பட்டதோ அதுவே சரி என்று வைத்துக்கொள்ளும், பழையதன் மேல் அதை எழுதிவிடும் என்றார் பாய். நியாயமாகத்தான் இருந்தது. கடைசியாகக் கை வைத்தவர்தானே திருத்தியிருப்பார்.

விண்டோஸுக்கும் லினக்ஸுக்கும் ஆகாது, கோப்பின் பேரில் இருக்கும் சில குறிகளை ஒன்று ஏற்கும், மற்றது ஏற்காது என்றெல்லாம் முதல் வாரம் கொஞ்சம் இழுபறி இருந்தது. பாய் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரிசெய்தார். அப்புறம் சம்பந்தி வீடுகள் மாதிரி இரண்டும் பழகிக்கொண்டன. எனக்கு பஸ் அலைச்சல் பாதி குறைந்தது. அதற்காகவே நான் பாயை வாழ்த்தினேன்.

சில மாதம் கழித்துத்தான் தகராறு ஆரம்பித்தது. அக்கா சரிசெய்துவிட்டதாகச் சொன்ன திருத்தம் அட்டையில் வரவில்லை. முதல் தடவை, கரையில் ஒரு ருத்ராட்ச மணி குறைந்தது. யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டாம் தடவை, முந்தியில் எடுத்துவிடச் சொன்ன கொடி எடுபடாமல் அப்படியே நெய்துவந்தது. முதலாளி அறைக்கு வந்து நின்றார். "செஞ்சேன் முதலாளி, என் கண்ணால பாத்து சேவ் பண்ணேன்" என்றார் அக்கா. திரையில் திறந்து பார்த்தால் கொடி இருந்தது. செய்ததற்குச் சாட்சி இல்லை. "இன்னொரு வாட்டி இந்த மாதிரி ஆச்சுன்னா நீ போயி தறில உக்காந்துக்க. எனக்கு டிசைனுக்கு வேற ஆள் கெடைக்கும்" என்று சொல்லிவிட்டு முதலாளி போனார். அக்கா தலையணையைச் சரிசெய்து வைத்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார். அன்றைக்கு அவர் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை.

மூன்றாவது, அன்னம். ஒரு கல்யாண வீட்டார் முகூர்த்தப் புடவைக்குக் கரை முழுவதும் ஜோடி அன்னம் கேட்டிருந்தார்கள். அக்கா வரைந்த முதல் படத்தில் இரண்டு அன்னமும் முதுகைக் காட்டிக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் பார்த்தன. பார்க்க அழகாகத்தான் இருக்கும், பழைய கரைகளில் உண்டு. ஆனால் ஒரு வெள்ளிக்கிழமை பெண்ணின் அத்தை ஃபோன் செய்து, கல்யாணப் புடவையில் ஜோடி ஒன்றை ஒன்று பார்க்காமல் நிற்பதா, முகத்துக்கு முகம் திருப்புங்கள் என்றார். அக்கா திருப்பினார். பாய் அட்டை குத்தினார். நான் ஐயம்பேட்டைக்குக் கொண்டுபோய்த் தறியில் கட்டவைத்துவிட்டு வந்தேன். ஒரு வாரம் கழித்துப் போனபோது நெய்கிறவர் என்னைப் பார்த்ததும் கால் மிதியை நிறுத்தினார்.

"இன்னாம்மா இது? புருஷன் பொண்டாட்டி சண்ட போட்டுக்கினு திரும்பிக்கினு நிக்குதே! நீங்க மூஞ்சிக்கு மூஞ்சின்னுதான சொன்னீங்க?"

முழக்கணக்கில் நெய்திருந்தார். ஜரிகை பளபளவென்று இருந்தது. கோர்வை போட்டு இணைத்த கரையைப் பிரிக்கவும் முடியாது. நான் தறிக்குழியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டேன். புடவையை நினைத்து இல்லை. கல்யாணத்துக்கு நாள் இருந்தது, வேறு தறியில் நெய்துகொள்ளலாம். அக்காவை நினைத்துத்தான். செய்தி முதலாளிக்குப் போகாமல் இருக்காது. அங்கிருந்தே பாய்க்கு ஃபோன் செய்தேன்.

நான் ஷேர் ஆட்டோ பிடித்து டவுனுக்கு வந்து சேரும்போது பாய் தன் கணினியையே தூக்கிக்கொண்டு டிசைன் அறைக்கு வந்திருந்தார். முதலாளி கோயிலுக்குப் போயிருந்தார், உச்சிக்காலம் முடிந்துதான் வருவார். பாய் இரண்டு கணினியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்தக் கோப்பு எப்போது மாறியது என்று நிரல் எழுதிவைத்திருந்த குறிப்புகளைப் படித்துக்கொண்டிருந்தார். அக்கா சுவர் ஓரமாக நின்றிருந்தார்.

"அந்த வெள்ளிக்கெழம காலைல பத்து மணிக்கு நான் தொறந்து அட்டைக்கு நம்பர் போட்டு சேவ் பண்ணியிருக்கேன். சரி. பொண்ணோட அத்த ஃபோன் பண்ணது எத்தன மணிக்கு?" என்று பாய் கேட்டார்.

"பத்தரைக்கு" என்றார் அக்கா.

"நீங்க திருப்பி முடிக்கறதுக்கு ஒரு மணி நேரம் ஆயிருக்கும் இல்ல? இங்க பாத்தா நீங்க சேவ் பண்ணது ஒம்போதே முக்கால்னு காட்டுது. அந்தம்மா சொல்றதுக்கு முன்னாடியே எப்படிமா அன்னம் திரும்பிச்சி?"

பாய் நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார். பிறகு சுவரில் இருந்த தினசரி காலண்டரைப் பார்த்தார். வெள்ளிக்கிழமை பத்தரை முதல் பன்னிரண்டு ராகு காலம். அதற்கு முந்தியது நல்ல நேரம். பாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. "யா அல்லா! கடிகாரத்த பின்னால தள்ளினீங்களா?"

நடந்தது அவ்வளவுதான். வாடிக்கையாளர்கள் நல்ல நேரம் பார்த்து ஃபோன் செய்வதில்லை. திருத்தம் எப்போது வந்தாலும் அன்றைக்கே முடிக்க வேண்டும், நல்ல நேரத்தில் முடித்ததாகவும் இருக்க வேண்டும். இரண்டும் ஒத்துவராத நாட்களில் அக்கா விண்டோஸின் கடிகாரத்தை நல்ல நேரத்துக்குத் தள்ளி வைத்து, கோப்பைச் சேமித்து, மறுபடி சரியான நேரத்துக்குக் கொண்டுவந்துவிடுவார். சாயங்காலம் முதலாளி கட்டத்தைப் படித்துவிட்டுத் திருப்தியாகப் போவார். பாவம் அந்த நிரலுக்குப் பஞ்சாங்கம் தெரியாது. ஒன்பதே முக்கால் பழையது, பத்து மணி புதியது என்று கணக்குப் போட்டு, பாய் பக்கம் இருந்த பழைய அன்னத்தைக் கொண்டுவந்து அக்காவின் புதிய அன்னத்தின் மேல் எழுதிவிட்டது. ருத்ராட்சமும் கொடியும் அப்படித்தான் போயின. திருத்தம் வந்த கோப்பில் பாய் அன்றைக்குக் கை வைக்காத நாட்களில் ஒன்றும் ஆகவில்லை. அதனால்தான் இத்தனை மாதம் யாருக்கும் தெரியவில்லை.

பாய் சிரித்துக்கொண்டே, தன் கணினியின் தலையில் தட்டினார். "பாத்தியாம்மா, பொட்டி தப்பு பண்ணல" என்றார் என்னிடம். அப்போதுதான் அக்காவைக் கவனித்தார்.

"முதலாளிக்கு இது தெரிஞ்சா அன்னத்துக்கு இல்ல பாய், ஏமாத்தினேன்னு அனுப்பிடுவாரு" என்றார் அக்கா. அழவில்லை, மெதுவாகச் சொன்னார். "இனிமே தறிக்குழில எறங்கினா என்னால எழுந்துக்க முடியாது."

பாயின் சிரிப்பு நின்றுவிட்டது. நாற்காலியில் இருந்த தலையணையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே செருப்புச் சத்தம் கேட்டது. நெற்றி நிறைய விபூதியோடு முதலாளி உள்ளே வந்தார். ஐயம்பேட்டைச் செய்தி அவருக்கு வழியிலேயே கிடைத்திருந்தது.

"யார் தப்பு இது?" என்று கேட்டார். கேட்கும்போதே அக்காவைத்தான் பார்த்தார்.

"நம்ம பொட்டிதான் முதலாளி" என்றார் பாய். "அந்தம்மா சரியாதான் செஞ்சிருக்காங்க. என் லினக்ஸ் வாங்கிக்கறப்ப கொழப்பிடிச்சி. விண்டோஸுக்கும் அதுக்கும் ஒத்துப் போவல."

நான் பாயின் முகத்தைப் பார்த்தேன். வழக்கம்போல நெஞ்சைத் தட்டிக் காட்டுவாரோ என்று நினைத்தேன். அவர் கை கணினியின் மேலேயே இருந்தது.

முதலாளிக்குக் கோபம் வடிய அதிக நேரம் ஆகவில்லை. தனக்கு எப்போதோ தெரிந்த விஷயம் நிரூபணமானதுபோல ஒரு நிம்மதிகூட முகத்தில் தெரிந்தது. "நான் அப்பவே சொன்னேன் இல்ல பாய்? ஊரே ஒண்ணு வெச்சிக்கினு இருக்குது, நீங்க மட்டும் இன்னாத்துக்கு இந்தப் பொட்டிய கட்டிக்கினு அழறீங்க? விண்டோஸ் போடுங்க. போட்டா வேல குடுக்கறேன். இல்லாங்காட்டி வேற எடம் பாத்துக்கறேன்."

"சரி முதலாளி" என்றார் பாய்.

போவதற்கு முன் அக்காவின் கணினியில் இரண்டு காரியம் செய்தார். கடிகாரம் இணையத்திலிருந்து தானாக நேரம் எடுத்துக்கொள்ளும்படி வைத்தார். முதலாளி படிக்கும் அந்த நேரக் கட்டத்தைப் பட்டியலில் தெரியாதபடி மறைத்தார். புது ஏற்பாட்டில் அது வராது என்று முதலாளியிடம் சொன்னார். ஒரு பொய்க்குத் துணையாக இன்னொன்று. அதற்குப் பிறகு முதலாளி, "நல்ல நேரத்துலதான செஞ்ச?" என்று வாயால் கேட்பார், அக்கா தலையாட்டுவார், இருவருக்கும் போதுமானதாக இருந்தது. தானே போய் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று அக்கா மறுநாள் என்னை அழைத்துக்கொண்டு செவிலிமேட்டுக்குப் போனார். பாய் விடவில்லை. "நீங்க வாயத் தொறந்தா நான் சொன்ன பொய் வீணாப் பூடும்மா. நான் இருக்கற வரைக்கும் தொறக்காதீங்க" என்றார்.

விண்டோஸை அவர் காசு கொடுத்துத்தான் வாங்கினார். சென்னைக்குப் போய், ரசீதோடு வாங்கி வந்தார். எங்கள் ஊரில் அதைக் காசு கொடுத்து வாங்கியவர்கள் மிகக் குறைவு, அதில் பாய் ஒருவர் என்பது எனக்கு இன்றைக்கும் வேடிக்கையாக இருக்கிறது. லினக்ஸ் கணினியை ஒரு லுங்கித் துணியால் மூடி வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்தார். சேதி அதோடு நிற்கவில்லை. முதலாளி நாலு பேரிடம் சொல்வார், அந்த நாலு பேரும் பட்டுக் கடைக்காரர்கள். பாய் இதே ஏற்பாட்டைப் போட்டுக் கொடுத்திருந்த இன்னும் இரண்டு கடைகளில் அதைக் கழற்றிவிட்டு வேறு ஆள் வைத்துக்கொண்டார்கள். டீக்கடையில், "பாய் பொட்டி அன்னத்தத் திருப்பிடுச்சாமே" என்று கிண்டல் ஓடியது. பாய் டீயைக் குடித்துவிட்டு எழுந்து போவார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

ஒருநாள் அட்டை வாங்கப் போயிருந்தபோது கேட்டேவிட்டேன். ஒரு திருட்டு மென்பொருளை வீட்டுக்குள் விடாத மனுஷர் நீங்கள், இத்தனை பெரிய பொய்யை எப்படிச் சொன்னீர்கள் என்று. அவர் துளை போட்ட அட்டைகளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பொட்டியப் பத்தி பொய் சொன்னா பொட்டிக்கு வலிக்காதும்மா. அந்தம்மா முதுகு அப்பிடி இல்லியே" என்றார். அட்டைகளை அடுக்கி முடிச்சுப் போட்டுக்கொண்டே, "ஆனா பொய் பொய்தான். அத்த நான்தான் தூக்கிக்கினு போவணும். அதுல உங்க ரெண்டு பேருக்கும் பங்கு கெடையாது" என்று சொல்லிவிட்டு அட்டைக் கட்டை என் கையில் கொடுத்தார்.

இன்றைக்கு எங்கள் டிசைன் அறையில் விண்டோஸ் இருக்கிறது, முதலாளியின் பேத்தி கொண்டுவந்து வைத்த மேக் இருக்கிறது, என் கையில் ஃபோன் இருக்கிறது. அக்கா திரையில் ஒரு கட்டத்தை மாற்றினால் முசரவாக்கத்தில் தறிக்குப் பக்கத்தில் நிற்கும் என் ஃபோனில் அது மாறுகிறது. எந்தக் கணினி எந்த ஜாதி என்று யாரும் கேட்பதில்லை. இரண்டு பக்கமும் மாறிவிட்டால் இரண்டையும் வைத்துக்கொண்டு, எது வேண்டும் என்று நம்மைக் கேட்கிறது. பேத்திக்கு லினக்ஸ் என்றால் மரியாதை. உலகத்தில் பெரிய கணினிகள் எல்லாம் அதில்தான் ஓடுகின்றன என்று ஒருநாள் சொன்னாள். நானும் அக்காவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

பாய் போன மாதம் தவறிப்போனார். தூக்கத்திலேயே போய்விட்டார். நான், அக்கா, முதலாளி மூவரும் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் முதலாளியின் காரில் செவிலிமேட்டுக்குத் துக்கம் கேட்கப் போனோம். கூடத்தில் ஜமக்காளம் விரித்து நிறையப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். கடைக்காரர்கள் இருந்தார்கள், நெய்கிறவர்கள் இருந்தார்கள், டீக்கடைக்காரர்கூட வந்திருந்தார். முதலாளிக்கு இப்போது வயதாகிவிட்டது, நாற்காலி போட்டார்கள். பாயின் பெரிய மகன் எதிரே உட்கார்ந்திருந்தான். அட்டைப் பட்டறையை இப்போது அவன்தான் நடத்துகிறான்.

முதலாளி நல்லதைத்தான் சொல்ல நினைத்தார். "ஒங்க அத்தா மாதிரி நேர்மையான ஆள நான் பாத்தது இல்லப்பா. ஒரு அட்டைல ஒரு தொள தப்பினது இல்ல. அந்த லினக்ஸ் பொட்டி விஷயத்துலதான் கொஞ்சம் கோட்ட உட்டுட்டாரு. அதுவும் பொட்டியோட தப்பு, அவரு இன்னா பண்ணுவாரு" என்றார்.

மகன் தலையைக் குனிந்துகொண்டான். அந்தக் கிண்டலோடு வளர்ந்தவன் அவன்.

"பொட்டி தப்பு பண்ணல முதலாளி" என்றார் அக்கா.

கூடம் முழுவதும் கேட்டது. அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவரால் தரையில் அதிக நேரம் உட்கார முடியாது, எழுந்து நிற்கப் பார்த்தார், நான் கை கொடுத்தேன். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். கடிகாரத்தைப் பின்னால் தள்ளியதை, அன்னம் திரும்பியதை, பாய் கணினியின் மேல் கை வைத்துக்கொண்டு சொன்ன பொய்யை. "நான் இருக்கற வரைக்கும் சொல்லாதீங்கன்னாரு. இப்ப அவரு இல்ல" என்று முடித்தார். மகன் அழுதான். முதலாளி கைத்தடியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து போய்க் காரில் ஏறினார். எங்களை ஏறச் சொல்லவில்லை. நாங்கள் டவுன் பஸ்ஸில் திரும்பினோம். "நாளைக்கு என் தலகாணிய எடுத்துக்கினு வந்துடணும்" என்று மட்டும் அக்கா பஸ்ஸில் சொன்னார்.

மறுநாள் காலையில் அக்கா ஒரு பெரிய பையோடு வந்தார். பத்து மணிக்கு மேல் ஒரு கல்யாண வீட்டார் கரையில் ஒரு திருத்தம் கேட்டு ஃபோன் செய்தார்கள். அக்கா குறித்துவைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். பதினோரு மணிக்கு முதலாளி பேத்தியின் தோளைப் பிடித்துக்கொண்டு படியேறி வந்தார். அந்த நேரத்தில் அவர் வீட்டை விட்டுக் கிளம்பி நான் பார்த்ததே இல்லை. அக்காவின் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். பையைப் பார்த்தார்.

"திருத்தம் எதுனா வந்துதா?" என்று கேட்டார்.

"ஒண்ணு வந்துது முதலாளி. சாயங்கால நல்ல நேரத்துல..."

"இப்பவே ஆரம்பி."

அக்கா திரும்பிப் பார்த்தார். "வெள்ளிக்கெழம முதலாளி. ராகு காலம் நடக்குது."

"தெரியும்மா. ஆரம்பி" என்றார் முதலாளி. பிறகு பேத்தியிடம், பட்டியலில் முன்பு நேரம் காட்டும் ஒரு கட்டம் இருக்கும், அதை மறுபடி தெரியும்படி வைக்கச் சொன்னார்.

அக்கா திருத்தி முடிக்கும் வரை அவர் உட்காரவில்லை. சேமித்ததும் குனிந்து, கண்ணாடியை இறக்கி, அந்தக் கட்டத்தைப் படித்தார். பதினொன்று இருபது என்று இருந்தது. "சரியா இருக்குது" என்று சொல்லிவிட்டு, அதைப் பாயின் மகனுக்கு அனுப்பச் சொன்னார்.